எண்ணும் இசையும்

சென்னை மாநகரின் மேற்புறத்தே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களில் மாலை வேளையில் ஒரு தெரு வழியே நடந்து செல்வோமாயின், வீடுதோறும் ஏதேனும் ஓர் இசை நம் செவியில் வந்து விழும். ஒரு வீட்டில் திரைப்பாட்டு. அடுத்த வீட்டில் வீணைக் கச்சேரி. அதற்கும் அப்பால் ஞாயிறு ஆராதனைக்குப் பழகும் கீர்த்தனை. இவ்விசை நம்மை வந்தடையும் வழி, நூறு ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. 1924-ஆம் ஆண்டில் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. 1930-இல் மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டு, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுவி மக்களைக் கேட்பித்தது. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கிற்று. 1977 ஜூலை 23-ஆம் நாள் இந்நாட்டின் முதல் எப்.எம். ஒலிபரப்பும் இந்நகரிலேயே தொடங்கியது. இவ்வழிகளிலெல்லாம் அக்காலத்தே வந்தது ஒலியலையின் நேர்ச்சாயலேயாகும். இன்றோ கைப்பேசி வழியாகவும் கணினி வழியாகவும் நமக்கு வருவது அலையன்று; எண்களின் வரிசை. அவ்வெண்களை மீண்டும் மின்னலையாக்கி, ஆம்பிளிபையருக்கு அளிக்கும் கருவியே கடைகளில் 'டாக்' என்று வழங்கப்படும் ஒலிமாற்றி.

வீட்டில் நல்லிசை கேட்க விரும்புவோர் இக்கருவியைத் தேர்ந்தெடுக்குங்கால் பெரிதும் மயங்குகின்றனர். ஓராயிரம் ரூபாய் அளவினதும் உண்டு. இலட்சங்களைக் கடந்ததும் உண்டு. இவற்றுள் எதனைக் கொள்வது, எவ்வளவு பொருள் செலவிடுவது என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன வேலையென்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். ஒலியை அளந்து குறியீடாக்கும் கலை நம் இலக்கணிகளுக்குப் புதிதன்று என்பதே அவர்க்கு யான் கூறும் விடை.

எழுத்தும் எண்ணும்

எழுத்தின் அளவைக் கூறப் புகுந்த தொல்காப்பியர், கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் ஒரு மாத்திரையாகக் கொண்டார். குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை என வகுத்தார். ஓடிக்கொண்டேயிருக்கும் பேச்சொலியைக் காலக்கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறிற்கும் ஒரு குறி அமைத்தலே எழுத்து. எண்முறை ஒலிப்பதிவும் இத்தன்மையதே. ஆயின் அதன் காலக்கூறு மிக நுண்ணியது. பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்களும் கூடி வகுத்து, 1982-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில், ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியின் உயரம் அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 16 பிட் உடைய எண்ணாக எழுதப்படுகின்றது. அஃதாவது 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகின்றது.

பழைய ஏட்டுச்சுவடியை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. அச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் விடுவது வழக்கம். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடா. ஆகவே ஏட்டைப் படிப்பவர் தம் புலமையால் விடுபட்டதை நிரப்பிப் படித்தல் வேண்டும். எண்முறைப் பதிவிலோ விடுபட்ட புள்ளி இல்லை. வேண்டுவன யாவும் எழுதப்பட்டுள்ளன. ஏடு படிப்பவர்க்குப் புலமை வேண்டும். ஒலிமாற்றிக்கு நேர்மை ஒன்றே போதும். உள்ளதை உள்ளவாறு ஒப்பித்தலே அதன் கடன். பதிவில் இல்லாத இனிமையை அது சேர்க்குமென்று ஒருவர் கூறுவாராயின், அது ஒலிமாற்றியின் சிறப்பைக் கூறியதாகாது, குறையைக் கூறியதேயாகும்.

படிக்கட்டு என்னும் மயக்கம்

எண்களால் ஆன இசை படிக்கட்டுப் போன்றது, வீணையின் கமகமும் குரலின் குழைவும் அப்படிகளுக்கிடையே விழுந்து மறைந்துபோம் என்று இசையன்பர் பலர் எண்ணுகின்றனர். இது நம் நாட்டு இசைக்கு இன்றியமையாத வினா. தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், 1917-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் கருணாமிர்த சாகரத்தில் சுருதிகளின் நுட்பத்தை எத்துணை முயன்று ஆராய்ந்தார் என்பதை இசை கற்றோர் அறிவர். அந்நுட்பம் எண்ணில் அடங்காதெனின் எண்ணை நாம் ஏற்றல் தகாது.

ஆயினும் இவ்வையத்திற்கு இடமில்லை. கணக்குப் பாடத்தில் நாம் கற்ற ஓர் உண்மையை நினைவுகூர்க. ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளைத் தந்தால், அவற்றின் வழியே செல்லும் வட்டம் ஒன்றே ஒன்றுதான். மூன்று புள்ளிகளே கொடுக்கப்பட்டன. எனினும் வட்டம் முழுவதும், ஒரு சிறு வளைவும் குறையாமல், நமக்குக் கிடைத்துவிடுகின்றது. அதுபோலவே, குறித்த ஓர் எல்லைக்கு மேற்பட்ட அதிர்வெண் இல்லாத ஓர் அலையை, அவ்வெல்லையைப் போல் இருமடங்குக்கு மேலான விரைவில் அளந்துவிட்டால், அவ்வளவுகளின் வழியே செல்லக்கூடிய அலை ஒன்றே ஒன்றாகும். 1928-இல் நைக்விஸ்டும், 1949-இல் ஷானனும் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இவ்வுண்மையை நிலைநாட்டின. மனிதச் செவி இளமையில் கேட்கும் மேலெல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதன் இருமடங்கு 40,000. குறுந்தகட்டின் அளவோ 44,100. ஒலிமாற்றியிலுள்ள வடிகட்டி படிகளை நீக்கி வழுவழுப்பான அலையையே வெளியிடுகின்றது. கமகம் எத்துணை நுண்ணிதாயினும், அது அவ்வெல்லைக்குட்பட்ட அலையேயாதலின், முழுமையாகத் திரும்பி வருகின்றது.

எல்லை குறுகினால் இழப்பு உண்டாதலும் உண்மை. எண்முறைத் தொலைபேசியில் நெடுங்காலமாக ஒரு நொடிக்கு 8,000 அளவுகளே எடுக்கப்பட்டன. ஆகலின் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அதில் செல்லாது. பேசுபவர் இன்னாரென்று தெரியும். ஆயின் புதுப்பெயர் ஒன்றைக் கூறினால் சகரமோ வேறு மெய்யோ என்று மயங்குகின்றோம். மெய்யெழுத்தின் ஓசையில் பெரும்பங்கு அம்மேல் எல்லையில் இருத்தலே காரணம். இதனை நெஞ்சிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

பிட்டின் கணக்கு

இனி 16 பிட், 24 பிட், 32 பிட் என்று பெட்டியின்மேல் எழுதப்படும் எண்களை ஆராய்வோம். ஒவ்வொரு பிட்டும் மிகப் பெரிய ஒலிக்கும் மிகச் சிறிய ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 6 டெசிபல் இடைவெளியைத் தருகின்றது. ஆகவே 16 பிட்டுக்கு 96 டெசிபல். 24 பிட்டுக்கு 144 டெசிபல். மின்விசிறி சுழலும் நம் வீட்டு அறையில் அமைதியான நேரத்திலும் 35 அல்லது 40 டெசிபல் இரைச்சல் இருக்கும். அதன்மேல் 96 டெசிபலை ஏற்றினால் 130-ஐக் கடந்து செவி வலிக்கும். எனவே வீட்டில் கேட்பதற்கு 16 பிட்டே போதியது. 24 பிட் ஒலிப்பதிவுக் கூடத்தார்க்கும், ஒலியின் அளவைக் கணினியிலேயே குறைத்துக் கேட்பவர்க்கும் பயன்படும். மின்னுறுப்புகளில் இயல்பாக எழும் இரைச்சலால், மிகச் சிறந்த கருவியும் 120 அல்லது 130 டெசிபல் அளவிலேயே நின்றுவிடுகின்றது. பெட்டியில் 32 என்று எழுதியிருத்தல் எண்ணின் நீளமேயன்றி ஒலியின் தெளிவன்று.

1982-இல் ஒலிமாற்றி செய்தல் அரிய வேலையாயிருந்தது. பிலிப்ஸ் நிறுவனத்தார் 14 பிட் உறுப்பையே கொண்டு, அளவுகளை நான்கு மடங்காகப் பெருக்கும் உபாயத்தால் 16 பிட்டுக்கு ஒப்பான பயனைப் பெற்றனர். சோனியின் முதற் கருவியில் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் ஒரே மாற்றி மாறி மாறி உழைத்தது. அந்நாளில் ஒரு கருவிக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு கேட்டிருந்தால் வியப்பில்லை. இன்று கைப்பேசிக் கம்பியின் நுனியில் அடங்கும் சிறு மாற்றிகளுள் நன்கு செய்யப்பட்டவை, அளவையில் அப்பழங்கருவிகளை விஞ்சி நிற்கின்றன.

2007-ஆம் ஆண்டில் மேயர், மோரன் என்னும் இருவர் வெளியிட்ட சோதனையும் ஈண்டு எண்ணத்தக்கது. உயர்தர எண்பதிவு ஒன்றை நேராகவும், குறுந்தகட்டின் அளவாகிய 16 பிட், 44,100 வழியாகச் செலுத்தியும், எது எதுவென்று சொல்லாமல் கேட்பித்தனர். 554 முறை கேட்டதில் 276 முறையே விடை சரியாயிற்று. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னாலும் அவ்வளவே சரியாகும்.

அங்ஙனமாயின் கடையில் விலையுயர்ந்த கருவி இனிமையாகக் கேட்பது ஏன் என்று வினவலாம். இரண்டு ஒலிகளுள் சற்றே உரத்ததை, அது உரத்தது என்று உணராமலே, நம் செவி சிறந்ததென்று கொள்ளும். ஒரு கருவி 1 வோல்ட்டும் மற்றொன்று 2 வோல்ட்டும் தருமாயின், இடையே 6 டெசிபல் வேறுபாடு உண்டு. அளவைச் சமமாக்காமல் ஒப்பிடுதல், ஒருவரைப் பள்ளத்திலும் மற்றவரை மேட்டிலும் நிறுத்தி உயரம் பார்ப்பதை ஒக்கும்.

தேர்ந்தெடுக்கும் முறை

ஆகவே ஒலிமாற்றி வாங்குவோர் நோக்கவேண்டுவன சிலவே. அவற்றை முறையாகக் கூறுவேன்.

முதலாவது, தனி மாற்றி உண்மையில் வேண்டுமா என்று பார்க்க. ப்ளூடூத் ஸ்பீக்கரில் மாற்றி உள்ளேயே இருக்கின்றது; வெளியே ஒன்று வாங்குதல் வீண். கைப்பேசியிலோ கணினியிலோ உள்ள வழியில் இரைச்சல் கேளாவிட்டால் அதுவே போதும்.

இரண்டாவது, வாயில்களைப் பார்க்க. கணினியோடு இணைப்பதற்கு யு.எஸ்.பி. வாயிலும், தொலைக்காட்சியோடு இணைப்பதற்கு ஆப்டிகல் வாயிலும் வேண்டும். தொலைக்காட்சியின் அமைப்பில் 'பி.சி.எம்.' என்பதைத் தெரிந்து வைத்தல் வேண்டும். இன்றேல் டால்பி முறையில் வரும் எண்களைப் பல ஒலிமாற்றிகள் படிக்கமாட்டா. கருவி பழுதென்று கடைக்குத் திரும்புவோர் பலர்க்கு இதுவே காரணம்.

மூன்றாவது, ஆம்பிளிபையருக்குச் செல்லும் மின்னழுத்தம் வழக்கமான 2 வோல்ட் அளவில் இருத்தல் நன்று. தலையணி ஒலிப்பானை நேரே இணைப்பதாயின், கருவியின் வெளியீட்டுத் தடை, ஒலிப்பானின் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். 32 ஓம் ஒலிப்பானுக்கு 4 ஓம் என்க.

நான்காவது, பணத்தின் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்கும், அதனை வைக்கும் இடத்திற்கும் ஒதுக்குக. ஒரு நல்ல மாற்றிக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு அளவைக் கருவிக்கே புலனாகும். ஒரு ஸ்பீக்கருக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்கும் புலனாகும். வெறுஞ்சுவரும் கல் தரையும் உள்ள அறையில் ஒரு கனத்த திரைச்சீலையும் பாயும் செய்யும் நன்மையை எந்த மாற்றியும் செய்யாது.

ஐந்தாவது, நிலமின்னிணைப்பு. இதனை எங்கள் வீட்டு நிகழ்ச்சியால் விளக்குதல் நலம்.

எங்கள் வீட்டில் நிகழ்ந்தது

எந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் முப்பது ஆண்டுகளாகக் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்ப்பவர். என் பாட்டியார் எங்கள் திருச்சபைப் பாடகர் குழுவில் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடியது பழைய நாடா ஒன்றில் பதிவாகியிருந்தது. பாட்டியார் இறந்தபின் அதனைக் கணினியில் ஏற்றி வீட்டு ஸ்பீக்கரில் கேட்டோம். இரண்டு குறைகள் தோன்றின. ஒன்று, பாட்டின் அடியில் ஓயாத ஒரு முரலல். மற்றொன்று, "அம்மாவின் சொல் தெளிவாயில்லை, கைத்தாளமே கேட்கவில்லை" என்று தந்தையார் வருந்தியது. நகரத்துக் கடையொன்றில் இதனைக் கூறவே, "ஐயா, உங்கள் மாற்றி மட்டமானது, இதனைக் கொண்டுபோங்கள், இரண்டும் தீரும்" என்று நாற்பதினாயிரம் ரூபாய்க் கருவியொன்றைக் காட்டினார்கள். தந்தையாரும் சேமிப்பிலிருந்து எடுக்கத் துணிந்தார்.

ஒரு வாரம் தவணை கேட்டு யான் ஆராயலானேன். கணினியின் மின்கம்பியைப் பிடுங்கி, உள்ளிருக்கும் பாட்டரியால் இயக்கியவுடன் முரலல் நின்றுபோயிற்று. கணினி ஒரு சுவர்ப்பலகையிலும் ஆம்பிளிபையர் வேறொன்றிலும் இணைந்திருந்தன. இரண்டின் நிலமின் கம்பிகளுக்கும் இடையே இருந்த சிறு மின்னழுத்த வேறுபாடு, ஒலிக்கம்பி வழியே ஓடி, நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை முரலலாக்கியது. இரண்டையும் ஒரே பலகையில் இணைத்தோம். மின்பணியாளர் ஒருவர் நிலமின்னிணைப்பைச் சோதித்துச் செப்பனிட்டார். முதற்குறை தீர்ந்தது. ஆப்டிகல் கம்பியால் இணைப்பினும் இது தீரும். அது ஒளியைக் கடத்துமேயன்றி மின்னைக் கடத்தாது. முரலலைப் போக்குதற்பொருட்டு மூன்று முனைச் செருகியின் நிலமுனையை ஒடித்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது ஒருபோதும் தகாது. அம்முனை உயிரைக் காப்பதற்கு வைத்தது; இசையின்பொருட்டு உயிரைப் பணயம் வைத்தல் பேதைமை.

இரண்டாவது குறைதான் என்னைத் திடுக்கிடச் செய்தது. அதே பதிவில், அதே ஸ்பீக்கரில், கைத்தாளம் எனக்கும் தங்கைக்கும் நன்றாகக் கேட்டது; தந்தையாருக்கு மட்டுமே கேட்கவில்லை. அவ்வாறாயின் குறை கருவியில் இல்லை. செவிச்சோதனைக்கு அழைத்துச் சென்றோம். 4,000 ஹெர்ட்ஸ் அளவில் இரு செவியும் பெரிதும் குன்றியிருந்தன. நெடுங்கால இயந்திர இரைச்சல் முதலில் தாக்கும் இடம் அதுவேயென்று மருத்துவர் விளக்கினார். உட்செவியிலே நத்தைச் சுருளில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலியலையை நரம்பின் மொழியாக மாற்றுவன அவையே. கெட்டவை மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. மெய்யெழுத்தின் ஓசை பெரிதும் மேல் அதிர்வெண்களில் உள்ளதென்று முன்னர்க் கூறினேன். ஆதலின் இவ்வகைச் செவிக்கு உயிரெழுத்து நிற்கும். அரை மாத்திரையுடைய மெய் முதலில் மறையும். சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்று பெரியோர் பலர் கூறுவது இதனாலேயே. வீட்டில் இருமுறை அழைத்தும் விடை கூறாதபோது தந்தையார் நம்மைப் பொருட்படுத்தவில்லை என்று யான் சினந்த நாட்களை எண்ணி அன்று நாணினேன்.

நாற்பதினாயிரம் ரூபாய் எங்கும் போகவில்லை, செவிக்கருவிகளுக்குப் பயன்பட்டது. இக்காலச் செவிக்கருவி புற ஒலியை எண்ணாக்கி, குன்றிய அதிர்வெண்களை மிகுத்து, மீண்டும் ஒலியாக்கித் தருகின்றது. எனவே எந்தையார் இறுதியில் வாங்கியதும் ஒருவகை ஒலிமாற்றியே. அது மேசைமேல் இராமல் செவியின்பின் இருக்கின்றது. இழந்த செவியை அது திருப்பித் தராது. பேச்சுக்கென்று அமைந்ததாதலின் இசைக்குத் தனி அமைப்பை மருத்துவரிடம் கேட்டுப் பெறவேண்டியதாயிற்று. ஆயினும் அந்நாடாவை மறுபடி கேட்டபோது, தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்து, "கைத்தாளம் அம்மா கையில்தான் இருந்தது" என்றார். அது எங்களுள் ஒருவருக்கும் தெரியாத செய்தி.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நேர்மையாகச் செய்யப்பட்ட ஒலிமாற்றி இன்று எளிய விலைக்கே கிடைக்குமென்பதும், அதற்கு மேல் கொடுக்கும் பொருள் பெட்டியின் அழகுக்கும் வாயில்களின் எண்ணிக்கைக்குமேயன்றி இசைக்கு அன்று என்பதும் விளங்கும். குறையொன்று தோன்றினால் பதிவு, மின்னிணைப்பு, ஸ்பீக்கர், அறை, செவி என ஒவ்வொன்றாகச் சோதித்த பின்னரே பணப்பையைத் திறத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு இன்னும் ஒரு சொல். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்திற்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்று பெரியோர் கேட்கும் அளவிற்கு எல்லை வகுத்துள்ளது. விடுதியிலும் பேருந்திலும் செவிக்குள் செருகிய ஒலிப்பானைப் பேரொலியில் வைப்போர் அவ்வெல்லையை எளிதிற் கடந்துவிடுகின்றனர். பட்டறையில் உழைக்கும் தந்தையரும் தமையன்மாரும் உடையவர்கள், அவர்களுக்குக் காதடைப்பான் அணிய நினைவூட்டுவார்களாக. கடையில் வாங்கும் மாற்றி கெட்டால் வேறொன்று வாங்கலாம். கடவுள் நமக்கு அளித்த இரண்டுக்கும் மாற்றுக் கடை எவ்வூரிலும் இல்லை.